எச்.டி.ஆர். புகைப்படம்: தோட்டப்புறத்தில் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கேமராவைக் கையில் எடுப்பவர்களுக்கு முதலில் வரும் சிக்கல் வெளிச்சம்தான். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே இருட்டு. லயத்து வீட்டின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டின், கூடத்தைப் படம் பிடித்தால் சன்னல் வெளுத்துப் போகிறது. சன்னலுக்கு ஏற்றபடி பிடித்தால் கூடம் கறுத்துப் போகிறது. இதைத் தீர்க்க வந்த முறைதான் எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்). பழைய லயங்களும் ரப்பர் பால் சேகரிக்கும் பால் ஸ்டோர்களும் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், அவற்றின் உள்ளும் புறமும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும்படி பதிவு செய்து வைப்பது பயனுள்ள வேலை என்று நம்புகிறோம். தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

எச்.டி.ஆர். என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

ஒரே காட்சியை இருட்டாக, அளவாக, வெளிச்சமாக என்று சில படங்கள் எடுக்கிறோம். இருட்டாக எடுத்த படத்தில் வானமும் சன்னலும் நன்றாக இருக்கும். வெளிச்சமாக எடுத்ததில் மூலை முடுக்கெல்லாம் தெரியும். மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் நல்ல பகுதியை எடுத்துச் சேர்த்து ஒரே கோப்பாக்குகிறது. அந்தக் கோப்பில் உள்ள வெளிச்ச வேறுபாடு, திரையோ தாளோ காட்டக்கூடியதைவிட அதிகம். அதைத் திரைக்குள் அடங்கும்படி சுருக்குவதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். அதாவது சேர்ப்பது ஒரு வேலை, சுருக்குவது இன்னொரு வேலை. படம் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

வெளிச்சத்தை ஸ்டாப் கணக்கில் அளக்கிறோம். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. நல்ல கேமராவின் சென்சார் குறைந்த ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 12 முதல் 14 ஸ்டாப் வரை பதிவு செய்யும் என்பார்கள். ஆனால் அதில் அடிமட்ட ஸ்டாப்கள் புள்ளி புள்ளியாக இரைச்சலோடு வரும், படமாகப் பயன்படாது. சுண்ணாம்பு அடித்த வெளிச்சுவரில் பட்ட வெயிலுக்கும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இருட்டுக்கும் இடையே அதைவிடக் கூடுதலான ஸ்டாப்கள் இருக்கும். அதனால் ஒரே படத்தில் இரண்டும் அடங்குவதில்லை.

இந்த எண்ணம் புதிதல்ல. 1850களிலேயே பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடல்காட்சிகளில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். கணினியில் பல படங்களைச் சேர்த்து உண்மையான வெளிச்ச அளவைக் கணக்கிடும் வழியை பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் 1997இல் வெளியிட்டார்கள். ஐபோனில் எச்.டி.ஆர். பொத்தான் வந்தது 2010இல்.

எல்லாக் காட்சிக்கும் இது தேவையா?

இல்லை. பாதிக்கு மேல் தேவைப்படாது. வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்து விழும் கோபுரம், மேகமூட்டமான பகலில் கடைவீதி, காலை மூடுபனியில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம், இவையெல்லாம் ஒரே ரா கோப்பில், அதாவது சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், அடங்கிவிடும்.

சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. வெளிச்சமான பகுதி வெளுக்காதபடி ஒரு படம் எடுத்து, இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடப்பக்கச் சுவரில் வரைபடம் முட்டி நின்றால், அதாவது நிழல் முழுக்கக் கறுத்திருந்தால், பல படங்கள் தேவை. முட்டவில்லை என்றால் ஒன்றே போதும். இந்தச் சோதனைக்குப் பத்து வினாடிகூட ஆகாது. வீட்டில் உட்கார்ந்து தேவையில்லாத நூறு கோப்புகளைப் பிரிக்கும் வேலை இருக்காது.

இங்கே உறுதியாகத் தேவைப்படும் இடங்கள்: சன்னல் தெரியும்படி வீட்டு உள்பக்கம், அஞ்சடியின் (கடைமுன் நடைவழி) நிழலிலிருந்து வெயில் விழும் தெரு, கோயில் முன்மண்டபத்திலிருந்து வெளிவாசல், பால்மரக் காட்டுக்குள் (ரப்பர் தோட்டம்) இலை இடுக்கில் தெரியும் வானம், சூரியன் மறையும் திசையில் எதையும்.

எந்தக் கேமரா வாங்க வேண்டும்?

புதிதாக வாங்கத் தேவையில்லை. மூன்று வசதிகள் இருந்தால் போதும்: ரா கோப்பு எடுக்க வேண்டும், ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்ற முடிய வேண்டும், தானியங்கி எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் (இருட்டு, அளவு, வெளிச்சம் என்ற படங்களைக் கேமராவே வரிசையாக எடுப்பது) இருந்தால் நல்லது. பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் கூட இதைச் செய்யும்.

பழையதை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிக்கோனின் டி3000 முதல் டி3500 வரையிலான தொடக்க வரிசையில் தானியங்கி பிராக்கெட்டிங் கிடையாது. மேனுவலில் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கேமராவைத் தொடுவதால் இம்மியளவு நகரும். மற்ற நிறுவனங்களின் பழைய தொடக்கக் கேமராக்கள் பலவற்றில் 3 படம், 2 ஸ்டாப் இடைவெளி என்பதுதான் எல்லை. அது போதும். தேவைப்பட்டால் எக்ஸ்போஷரை நகர்த்தி இன்னொரு மூன்று எடுத்துக்கொள்ளலாம்.

லென்ஸ் அகலமாக இருந்தால் வசதி. கிட்டில் வரும் 18–55 மிமீ லென்ஸின் 18 முனையில் லயத்து வீட்டின் கூடம் ஒரு மூலையிலிருந்து முக்கால்வாசி தெரியும்.

கைப்பேசியில் செய்ய முடியாதா?

முடியும். இன்றைய கைப்பேசிகள் பொத்தானை அழுத்தும்போதே பல படங்களை எடுத்துச் சேர்த்துத்தான் தருகின்றன. கூகுளின் தொடக்ககால முறையில் எல்லாப் படங்களையும் ஒரே அளவில் இருட்டாக எடுத்து, அடுக்கிச் சேர்த்து இரைச்சலைக் குறைத்தார்கள். கையில் பிடித்து எடுப்பதற்கு அது நல்ல வழி. ஆனால் எவ்வளவு சுருக்குவது, நிழலை எவ்வளவு தூக்குவது என்பதைக் கைப்பேசிதான் முடிவு செய்கிறது.

அந்த முடிவை நீங்களே எடுக்க விரும்பினால், ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் கேமரா செயலியில் எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் இருக்கிறது. கைப்பேசி அதற்கு இடம் கொடுக்க வேண்டும், எல்லா மாடலிலும் அந்தத் தெரிவு தோன்றாது. கைப்பேசியை முக்காலியில் பொருத்தும் கிளிப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழகுவதற்கு இது போதும். பழகிய பிறகு சென்சாரின் அளவுதான் தடையாக நிற்கும்.

முக்காலி கட்டாயமா?

வெளியே வெயிலில், எல்லாப் படங்களும் 1/60 வினாடிக்கு மேல் வேகமாக இருந்தால் கையிலேயே எடுக்கலாம். தொடர் படப்பிடிப்பில் வைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, மூன்றையும் ஒரே மூச்சில் எடுங்கள். மென்பொருள் ஒட்டிச் சேர்த்துவிடும், ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும்.

வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் முக்காலி இல்லாமல் நடக்காது. கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்கக்கூடியதாக வாங்குங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், உயர்த்தினால் ஆடும். தோட்டத்து மண்ணில் மழைக்குப் பிறகு கால்கள் மெல்ல இறங்கும். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் அது இறங்கினால் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். ஒவ்வொரு காலையும் அழுத்தி ஊன்றிவிட்டு, பத்து வினாடி விட்டு எடுங்கள்.

பலகைத் தரை போட்ட பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பக்கத்தில் நிற்பவர் ஒரு கால் மாற்றி வைத்தாலே பலகை அசைந்து முக்காலியும் அசையும். படங்கள் எடுத்து முடியும்வரை யாரும் நகர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முக்காலியின் கால்களைப் பலகையின் நடுவில் வைக்காமல், அடியில் விட்டம் ஓடும் இடத்தில், அதாவது ஆணி வரிசை தெரியும் இடத்தில் வையுங்கள்.

கேமராவில் என்னென்ன அமைப்புகளை வைக்க வேண்டும்?

ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்: படத்துக்குப் படம் மாற வேண்டியது ஷட்டர் வேகம் மட்டும். லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர் மாறினால் எது தெளிவு, எது மங்கல் என்பது மாறிவிடும், படங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. ஐஎஸ்ஓ மாறினால் இரைச்சல் மாறும்.

வரிசையாகச் செய்யுங்கள்.

1. கோப்பு வகை ரா.
2. அப்பர்ச்சர் பிரையாரிட்டி அல்லது மேனுவல். உள்ளே எடுக்க எஃப்/8 நல்ல இடம். எஃப்/16க்கு மேல் போனால் படம் மொத்தமாகக் கூர்மை இழக்கும்.
3. ஐஎஸ்ஓ 100, அல்லது உங்கள் கேமராவின் அடிப்படை அளவு. தானியங்கி ஐஎஸ்ஓவை அணைத்தே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டால் சில கேமராக்கள் ஷட்டருக்குப் பதில் ஐஎஸ்ஓவை மாற்றி பிராக்கெட் செய்துவிடும்.
4. நிறச் சமநிலையைக் காக்கும் வைட் பேலன்ஸ் நிலையாக ஒன்று. ராவில் பிறகு மாற்றலாம் என்றாலும், திரையில் பார்த்து ஒப்பிடும்போது நிறம் ஆடாமல் இருக்கும்.
5. ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இருட்டான படத்தில் லென்ஸ் ஃபோகஸைத் தேடி அலையும்.
6. கேனானின் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கோனின் ஆக்டிவ் டி-லைட்டிங் போன்ற தானியங்கித் திருத்தங்களை அணையுங்கள்.
7. முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அசைவுத் தடுப்பையும் அணையுங்கள்.
8. இரண்டு வினாடி டைமர். கேனானில் டைமர் வைத்தால் பிராக்கெட் படங்கள் எல்லாம் தொடர்ந்து தாமாகவே எடுக்கப்படும். பிராக்கெட்டிங் உள்ள நிக்கோன்கள் பலவற்றில் டைமர் மெனுவில் எத்தனை படம் என்று சொல்லி வைக்கலாம். சோனியில் பிராக்கெட்டுக்கான டைமரை மெனுவில் தனியாக வைக்க வேண்டும்.

டிஎஸ்எல்ஆராக இருந்தால் லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து, எடுங்கள். உள்ளிருக்கும் கண்ணாடி எழும்பும் அதிர்வு 1/15 முதல் 1 வினாடி வரையிலான படங்களில்தான் அதிகம் தெரியும், உள்பக்கப் படங்கள் பெரும்பாலும் அந்த வேகத்தில்தான் வரும்.

எத்தனை படம், எவ்வளவு இடைவெளி?

வெளிக்காட்சிகளுக்கு 3 படம், 2 ஸ்டாப் இடைவெளி. சன்னலோடு கூடிய உள்காட்சிக்கு 5 படம், அதே இடைவெளி. ராவில் எடுக்கும்போது ஒரு ஸ்டாப் இடைவெளியில் ஒன்பது படம் எடுப்பதால் பெரிதாக எந்த நன்மையும் இல்லை.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். காலை பதினொரு மணி, லயத்து வீட்டின் கூடம், எதிரே திறந்த சன்னல், வெளியே வெயிலில் செம்மண் முற்றம். எஃப்/8, ஐஎஸ்ஓ 100. கேமராவின் ஸ்பாட் மீட்டரை (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) சன்னலுக்கு வெளியே முற்றத்தில் வைத்தால் 1/500 காட்டுகிறது. சாமி படத்துக்குக் கீழே இருக்கும் இருட்டு மூலையில் வைத்தால் 1 வினாடி காட்டுகிறது. இடையில் 9 ஸ்டாப்.

இங்கே அவசரப்பட்டு 1/500 முதல் 1 வினாடி வரை முழுக்க எடுக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்பாட் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லும். இருட்டு மூலை இருட்டாகவே இருக்க வேண்டும், அதற்கு 1/2 வினாடி தாராளம். ஆகவே 1/500, 1/125, 1/30, 1/8, 1/2 என்று ஐந்து படம். நடுப்படம் 1/30இல் இருக்கும்படி அமைத்துவிட்டு பிராக்கெட்டை ஓடவிடுங்கள்.

எடுத்த பிறகு இரண்டே படங்களைச் சரிபாருங்கள். மிக இருட்டான படத்தின் ஹிஸ்டோகிராம் வலப்பக்கச் சுவரைத் தொடக்கூடாது. மிக வெளிச்சமான படத்தின் ஹிஸ்டோகிராம் இடப்பக்கச் சுவரிலிருந்து விலகி நிற்க வேண்டும். இரண்டும் சரியென்றால் இடையிலுள்ளவை தானாகச் சரி. சூரியனே படத்துக்குள் இருந்தால் மட்டும் முதல் நிபந்தனையை விட்டுவிடுங்கள். சூரிய வட்டம் வெளுத்துத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

ஒரே ரா கோப்பிலிருந்து இருட்டு, வெளிச்சம் என்று மூன்று ஜேபெக் செய்து சேர்த்தால்?

பயனில்லை. சென்சாரில் பதிவாகாத விவரம் கோப்பை மூன்றாகப் பிரிப்பதால் வந்துவிடாது. அந்த ஒரே ராவை நேரடியாகத் திறந்து ஹைலைட்டை (வெளிச்சப் பகுதி) குறைத்து ஷேடோவை (நிழல் பகுதி) தூக்கினால் அதே பலன், இன்னும் சுத்தமாகவே கிடைக்கும். 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு, ஜேபெக்கில் 256தான்.

செம்பனை மட்டையும் மரக்கிளையும் ஆடி, படத்தில் இரட்டை இரட்டையாகத் தெரிகிறதே?

இதற்குப் பேய் உருவம் என்ற பொருளில் கோஸ்டிங் என்கிறார்கள். தோட்டப்புறத்தில் எடுப்பவர்களுக்கு இதுதான் ஓயாத தலைவலி. செம்பனை மட்டையின் நுனி லேசான காற்றிலும் அசையும், வானம் பின்னணியாக இருப்பதால் அசைவு அப்பட்டமாகத் தெரியும்.

முதலில் நேரம். காலை எட்டு எட்டரைக்கு முன் காற்று அடங்கியிருக்கும். பிற்பகல் மழை மேகம் திரளும்போது எடுக்கவே வேண்டாம். அடுத்து, படங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூன்று படம் அரை வினாடிக்குள் முடிந்தால் மட்டை அதிகம் நகர்ந்திருக்காது.

மூன்றாவது மென்பொருள். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் சேர்க்கும்போது டீகோஸ்ட் என்ற தெரிவு குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவில் இருக்கும். எங்கே திருத்துகிறது என்பதைச் சிவப்பாகக் காட்டும் பொத்தானும் உண்டு, அதைப் போட்டுப் பாருங்கள். அசைந்த பகுதியில் மென்பொருள் ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஆகவே அங்கே இரைச்சல் கூடும். குறைவு என்ற அளவில் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் ஏறுங்கள். எதுவும் அசையாத காட்சியில் இதை முற்றிலும் அணைத்துவிடுங்கள்.

பால்மரக் காட்டில் கதை கொஞ்சம் வேறு. அடிமரங்கள் அசையாது, உச்சிக் கிளைகள் மட்டும் ஆடும். கேமராவைத் தாழ்வாக வைத்து, வரிசையாகப் போகும் அடிமரங்களையும் பால் கோப்பைகளையும் முன்னிறுத்தி, வானத்தைப் படத்தின் மேல் விளிம்பில் ஒரு கீற்றாக மட்டும் விட்டால் பாதிச் சிக்கல் போய்விடும்.

கோயிலுக்குள் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அனுமதி. நிர்வாகத்திடமும் குருக்களிடமும் கேளுங்கள். மூலஸ்தானத்தைப் படம் பிடிக்கக்கூடாது என்றால் கேமராவை அந்தப் பக்கமே திருப்ப வேண்டாம். பூசை நேரத்தில் முக்காலியை வழியில் நிறுத்தக்கூடாது.

விளக்குகள் அடுத்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். 1/125ஐவிட வேகமான படங்களில் அந்தத் துடிப்பு பட்டை பட்டையாகவோ நிற மாற்றமாகவோ விழும், சேர்த்த பிறகு சுவரில் பச்சைத் திட்டு வரும். முடிந்தால் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அப்பர்ச்சரை எஃப்/11 ஆக்கி எல்லாப் படங்களையும் 1/100க்குக் கீழே கொண்டு வாருங்கள்.

எண்ணெய் விளக்கின் சுடர் ஆடும், அதை இருட்டான படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி டீகோஸ்ட் செய்தால் சுடரின் வடிவம் நிற்கும். கற்பூர ஆரத்தி, தீமிதி, தைப்பூச ஊர்வலம் எதற்கும் இந்த முறை ஒத்து வராது. மனிதர்கள் நகரும் காட்சிக்கு ஒரே ரா படம், ஹைலைட் வெளுக்காமல், அதுதான் சரி.

எந்த நேரம் நல்லது?

பேராக்கில் சூரியன் காலை ஏழு மணியை ஒட்டி உதித்து, மாலை ஏழு மணிக்குச் சற்றுப் பிறகு மறைகிறது. உச்சி வெயில் பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றேகால் மணி அளவில். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் பாதியிலும் அது நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த வேளையில் கட்டடத்தின் வெளிப்புறத்தை எடுத்தால் கூரைக்கு அடியில் எல்லாம் கறுப்பாக, சுவர் தட்டையாகத் தெரியும். உள்பக்கம் எடுக்க அதுவே நல்ல நேரம்: வெயில் சன்னல் வழியாக நேரே உள்ளே விழாது, தரையில் பட்டுத் தெறித்த மென்மையான வெளிச்சம் உள்ளே வரும்.

மாலையில் நிலநடுக்கோட்டுப் பகுதியில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். சூரியன் மறைந்து இருபது நிமிடம்தான் வானம் ஆழ்ந்த நீலமாக, கடைவீதி விளக்குகளோடு சமநிலையில் இருக்கும். ஆறே முக்காலுக்கே முக்காலியை நிறுத்திக் காத்திருங்கள். புகைமூட்டம் இருக்கும் நாட்களில் எச்.டி.ஆர். எதையும் தெளிவாக்காது, சாம்பல் இன்னும் அழுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான்.

படங்களைச் சேர்ப்பது எப்படி? இலவச மென்பொருள் உண்டா?

லைட்ரூம் கிளாசிக் வைத்திருந்தால் படங்களைத் தேர்ந்து கண்ட்ரோல்+எச் அழுத்துங்கள். கையில் எடுத்ததென்றால் ஆட்டோ அலைனை இயக்குங்கள். கிடைப்பது ஒரு டிஎன்ஜி கோப்பு. அதில் எக்ஸ்போஷர் ஸ்லைடர் வழக்கமான 5க்குப் பதில் 10 ஸ்டாப் வரை இரு பக்கமும் போகும். ராவைப் போலவே திருத்தலாம், வைட் பேலன்ஸ்கூட மாற்றலாம்.

இலவசத்தில் மூன்று வழிகள். டார்க்டேபிள், எச்.டி.ஆர்.மெர்ஜ் இரண்டும் ராவைச் சேர்த்து டிஎன்ஜி தரும். லூமினன்ஸ் எச்.டி.ஆர். என்பதில் டோன் மேப்பிங்குக்கு ஒரு டஜன் முறைகள் இருக்கும். அவற்றில் தொடங்குபவர்கள் ரைன்ஹார்ட் 02ஐப் பயன்படுத்துங்கள், மான்டியுக் 06 விறுவிறுவென்று சொரசொரப்பான படத்தைத் தந்து ஆசை காட்டும். படங்களை ஒட்டும் ஹூகின் மென்பொருளோடு வரும் என்ஃபியூஸ் வேறு வகை: டோன் மேப்பிங்கே செய்யாமல், ஒவ்வொரு படத்திலும் அளவாக வெளிச்சம் பட்ட பகுதியை மட்டும் கலந்து முடித்துவிடும். 2007இல் மெர்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் மூவர் வெளியிட்ட முறை அது. வீட்டு உள்பக்கங்களுக்கு இயல்பாக வரும். எங்கள் பரிந்துரை, முதலில் என்ஃபியூஸில் பழகுங்கள். கெடுக்க வழியே குறைவு.

ஃபோட்டோமேட்டிக்ஸ் காசு கொடுத்து வாங்குவது. நல்ல மென்பொருள்தான், ஆனால் அதில் தயாராக வரும் வண்ண அமைப்புகளில் பாதியைத் தொடாமல் இருப்பது நல்லது.

சேர்த்த படம் ஓவியம்போல, பொய்யாகத் தெரிகிறது. ஏன்?

நிழலை எல்லாம் தூக்கிவிட்டதால். வெயிலில் நிற்கும் சுவரும் நிழலில் இருக்கும் மூலையும் ஒரே வெளிச்சத்தில் தெரிந்தால் கண் அதை நம்பாது. பார்ப்பவருக்கு வெளியே வெயில் என்று தெரிய வேண்டும், உள்ளே நிழல் என்றும் தெரிய வேண்டும்; நிழலுக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். அதுவே இந்த முறையின் முழு நோக்கம்.

லைட்ரூமில் தொடங்க ஓர் அளவு: ஹைலைட் −60, ஷேடோ +40, கிளாரிட்டி +10க்குள், சாச்சுரேஷனைத் தொடவே வேண்டாம். பிறகு பிளாக்கைக் குறைத்துப் படத்தில் எங்காவது ஓரிடத்தில் உண்மையான கறுப்பு வரும்படி செய்யுங்கள். கறுப்பே இல்லாத படம் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். திருத்தி முடித்ததும் ஒரு மணி நேரம் விட்டுத் திரும்பப் பாருங்கள். கண் பழகிப்போனதால் கவனிக்காமல் விட்ட மிகை அப்போது தெரியும்.

கோபுரத்தையோ கூரை விளிம்பையோ சுற்றி வானத்தில் வெள்ளை வளையம் தெரிந்தால் அது ஹேலோ. கிளாரிட்டியும் டீஹேஸும் கூடிப்போனதன் அடையாளம், குறையுங்கள். இலை ஓரங்களில் ஊதா அல்லது பச்சைக் கோடு இருந்தால் லென்ஸ் திருத்தத்தில் நிறப்பிறழ்வை நீக்கும் பெட்டியைத் தெரிவு செய்யுங்கள். நிழலில் இரைச்சல் தெரிந்தால் காரணம் ஒன்றுதான்: மிக வெளிச்சமான படம் போதிய வெளிச்சத்தில் எடுக்கப்படவில்லை. அதைக் கணினியில் சரிசெய்யப் போராடாதீர்கள், அடுத்த முறை இன்னொரு 2 ஸ்டாப் கூட்டி எடுங்கள்.

மனிதர் முகத்தில் மட்டும் டோன் மேப்பிங் படவே கூடாது. தோல் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். வயதானவர் வாசலில் உட்கார்ந்திருந்தால், அவர் இருக்கும் பகுதிக்கு ஒரே படத்தை மாஸ்க் (அந்தப் பகுதியை மட்டும் பிரிக்கும் வசதி) போட்டு வையுங்கள்.

லென்ஸில் ஆவி படிகிறது, பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்வது?

குளிர்சாதனம் போட்ட காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைக்க வேண்டாம். பையை மூடியபடியே வெளியே வைத்து இருபது முப்பது நிமிடம் விடுங்கள். கிளம்பும்போதே பையைக் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டால் இந்தக் காத்திருப்பே இல்லை.

பூஞ்சைக்குக் காரணம் ஈரப்பதம். வீட்டில் கேமராவை அலமாரியில் துணிப்பையோடு வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், மலிவான ஈரமானி ஒன்று. 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடேற்றிக் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

தோட்டத்துக்குள் யாரிடம் கேட்க வேண்டும்?

தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்தில் கேட்டு, எந்தப் பகுதியில் வேலை நடக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். குலை வெட்டும் இடத்தில் செம்பனைக்கு அடியில் நிற்கவே கூடாது. குலையும் மட்டையும் எந்தப் பக்கம் விழும் என்பது வெட்டுபவருக்குத்தான் தெரியும். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும், முழங்கால் உயர பூட்ஸ் போடுங்கள். லயத்தில் ஆள் இல்லாத வீடாக இருந்தாலும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போங்கள். குடியிருப்பவர் வீட்டுக்குள் எடுத்தால் ஒரு பிரதியை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பழக நல்ல இடங்கள்?

பத்து காஜா அருகிலுள்ள கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் முடிக்கப்படாமல் நின்ற மாளிகை. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் கைகள் அதில் உண்டு. கண்ணாடியில்லாத சன்னல்கள், இருண்ட அறைகள், நீண்ட நடைவழிகள் என்று ஐந்து படப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் பேராக்கில் இல்லை. வேலை நாளில் கதவு திறந்ததும் போனால் கூட்டம் இருக்காது.

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அடர்ந்த கிளைக்கு எதிரே வானம், மூன்று படப் பயிற்சிக்கு ஏற்றது.

எச்.டி.ஆர். தொலைக்காட்சியும் இதுவும் ஒன்றா?

இல்லை. தொலைக்காட்சியில் அந்தப் பெயர், அதிக வெளிச்சத்தைக் காட்டக்கூடிய திரையைக் குறிக்கும். நாம் செய்வது அதிக வெளிச்ச வேறுபாட்டைச் சாதாரணத் திரைக்குள் அடக்குவது.

அச்சிடும்போது இருட்டாக வருகிறது?

திரை பின்னாலிருந்து ஒளிர்கிறது, தாள் ஒளிர்வதில்லை. கணினித் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள், தாளில் ஏறத்தாழ அப்படித்தான் வரும். கடைக்குக் கொடுக்க எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக், 8ஆர் (8 × 10 அங்குலம்) அளவுக்கு 2400 × 3000 பிக்சல். முதலில் 4ஆர் (4 × 6 அங்குலம்) தாளில் ஒன்று சோதனைக்கு அடித்துப் பாருங்கள். பளபளப்புத் தாளைவிட மேட் தாளில் நிழல் விவரம் சீக்கிரம் மூழ்கும்.

கோப்புகளை எப்படி வைத்துக்கொள்வது?

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா 25 முதல் 30 எம்பி வரும். ஐந்து படக் காட்சி ஒன்றுக்கு 150 எம்பி வரை போகும், 32 ஜிபி கார்டில் சுமார் 200 காட்சிகள். சேர்த்து முடித்ததும் மூல ராக்களை அழித்துவிடாதீர்கள். சேர்க்கும் மென்பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றன, இன்று கோஸ்டிங்கால் ஒதுக்கிய காட்சி நாளை சுத்தமாக வரலாம்.

காட்சிக்கு ஒரு கோப்புறை போட்டு, பெயரில் தோட்டம், பிரிவு, லயத்து எண், தேதி நான்கையும் எழுதுங்கள். எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். மறுநடவுக்காகக் கட்டடம் போன பிறகு, எந்த வீடு எங்கே இருந்தது என்று கேட்டு வரும் குடும்பங்களுக்கு அந்த விவரம் இல்லாமல் படத்தை அடையாளம் காட்ட முடியாது. இரண்டு வன்தட்டுகளில் பிரதி வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.